கிளச்சில் வைத்த கால்

ஒரே வருடத்துக்குள் இரண்டு கிளச் பிளேட்டைத் தின்றவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. சொன்னவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அதே தெருவில் எத்தனை ஆம்பிளைகள் மதிலை இடித்தார்கள், வாய்க்காலுக்குள் இறக்கினார்கள், ஆட்டை அடித்தார்கள். அவர்களுக்கெல்லாம் யாரும் பேர் வைக்கவில்லை.

யுத்தம் முடிந்து, ரோட்டில் ஆமி வைத்திருந்த சென்றிகளை, அந்தச் சோதனைச் சாவடிகளை, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்த காலம். நான் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு வந்து, கிட்டங்கியைத் தாண்டி, சவளக்கடை கழிய இன்னும் போகவேண்டும். அதற்காகத்தான் அந்தச் சின்னக் காரை வாங்கினோம் என்று ஊருக்குச் சொன்னோம். ஆறேழு பேர் ஓடிக் கழித்த கார், ஆனால் எஞ்சின் நல்ல எஞ்சின்.

முதல் கிளச் எட்டு மாதத்தில் போனது. கிட்டங்கிப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, கார் நகரமாட்டேன் என்கிறது. அடுப்பில் சீலை விழுந்து கருகினாற்போல ஒரு மணம். டவுனில் இருந்த ஒரு கராஜில் கழற்றிப் புதுப் பிளேட் போட்டார்கள். நாலு மாதம் கூட ஆகவில்லை, அதே மணம். இரண்டாம் தரமும் போட்டார்கள். ஏன் போனது என்று கேட்டேன். கராஜ்காரர் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"பொம்புளயள் ஓடினா இப்பிடித்தான் ஹாஜியார்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவர் விட்ட பகிடி! அவருக்குப் பிடவைக்கடை, துணி யாவாரம். நாள் முழுக்கச் சனத்தோடு கதைத்துப் பழகிய வாய்.

"கிளச் பிளேட்டென்ன கருவாடா கா? சோத்தோட வச்சித் திங்கிறயா?"

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அவர் பகிடியை விட்டுவிட்டுச் சொன்னார்: "இஞ்ச பார். இன்னொருக்காக் கிளச் போச்செண்டா, காரும் போகும். வாங்குறத்துக்கு ஆள் இரிக்கி. நீ பஸ்ல போ, இல்லாட்டி ஊருக்குள்ள மாத்தம் எடு."

அவர் காசுக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நடு ரோட்டில் நான் நிற்கவேண்டி வரும் என்ற பயத்தில் சொன்னார். ஆனால் அந்தக் கார் எனக்கு என்ன என்று அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு சொன்னதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டை மேசையில் அடித்துத்தான் வைத்தேன்.

அந்தக் கார் எனக்கு என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சுனாமியில் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடற்கரையோரம் இருந்த உம்மாவின் வீட்டில் இருந்தேன். உம்மாவுக்கு ஒரு பக்கம் வழங்காது, கைகால் இரண்டும். என் கணவர் தன்னுடைய பிடவை வேனை உம்மாவின் வளவில் விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறைக்குப் போயிருந்தார். முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. பிறகு சனம் ஓடி வந்தது, "கடல் வருகுது, கடல் வருகுது" என்று. நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் உம்மாவைத் தூக்கி வேனின் முன் ஆசனத்தில் இருத்தினோம். ஓட்ட ஆளில்லை. ரோட்டால் ஓடுகிற ஆம்பிளைகளைக் கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். எவன் நிற்பான்? அவனவனுக்கு அவனவன் பிள்ளைகள். திறப்பு வேனிலேயே கிடந்தது. நானே ஏறிக் குந்தித் திருகினேன். வேன் ஒரு பாய்ச்சல் பாய்ந்து கிணற்றுக்கட்டில் முட்டி நின்றது. திரும்பவும் திருகினேன். திரும்பவும் ஒரு குலுக்கல், நின்றது. அந்த வேனுக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காது. அதனால் என் கணவர் எப்போதும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். இடக்காலுக்குக் கீழே ஒரு மிதி இருக்கிறது, அதை மிதித்துக்கொண்டு திருகவேண்டும் என்று அவருடைய மனைவிக்குத் தெரியாது. பத்து வருடம் அந்த வேனில் பக்கத்தில் குந்திப் போனவள் நான். ஒருநாள் கூட அவருடைய காலைப் பார்த்ததில்லை.

மூன்றாம் தரம் திருகும்போது தண்ணீர் வந்தது. நான் வேலியோரத்துப் பூவரசில் சிக்கி உயிர் பிழைத்தேன். உம்மா வேனுக்குள்ளேயே மவுத்தாகிப்போனா.

அந்த மிதியை மிதித்திருந்தால் தப்பியிருப்போமா என்று கேட்டால், அல்லாஹ்தான் அறிவான். ரோட்டு முழுக்கச் சனம். வேன் நூறு யார் கூடப் போயிருக்காது என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியவேண்டியிருந்தது. கட்டாயம் பழக்கித் தாருங்கள் என்று என் கணவரைப் பிடித்த பிடி நான் விடவில்லை. வீடு திரும்பக் கட்டி, அவர் திரும்ப ஒரு வேன் எடுத்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிய அவர் எனக்குப் பழக்கினார்.

அவர் முதலில் சொல்லித் தந்தது இதைத்தான்: "இடக்கால் கிளச்ச விட்டு எழும்பப்படாது. என்ன நடந்தாலும்."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சென்றிக் காலத்தில் வேன் ஓடியவர் அவர். கல்முனையிலிருந்து பொத்துவில் மட்டும் எத்தனை சென்றி. வரிசையில் நிற்கும்போது முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு, ஆமிக்காரனின் கையையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கையைக் காட்டினால் அந்த நிமிசமே எடுக்கவேண்டும். சுணங்கினால் ஏச்சு. எஞ்சின் நின்றுபோனால் துவக்கு நிமிரும். ஒருமுறை அவருக்கு எஞ்சின் நின்றுபோய், தார் ரோட்டில் முழங்காலில் இருத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய இடக்கால் கிளச்சை விட்டு எழும்பவேயில்லை. அவர் மட்டுமில்லை. எங்கள் கரையில் அந்தக் காலத்தில் வாகனம் ஓடிய முழுப் பேரும் அப்படித்தான். அதைத்தான் எனக்கும் தந்தார். நான் வாய்ப்பாடு போலப் பாடமாக்கிக்கொண்டேன். பாடமாக்க எனக்குச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. அந்த மிதியில் கால் இருந்தால்தான் எனக்கு மூச்சே சீராக வரும்.

ஆனால் இதெல்லாம் பிறகு விளங்கியது. இரண்டாம் பிளேட்டும் போனபோது எனக்கு விளங்கியது ஒன்றுதான். அந்தக் கராஜ்காரருக்குக் கழற்றிப் பூட்டத் தெரியும், ஏன் என்று தேடத் தெரியாது. கணக்கில் ஒரு பிள்ளை இரண்டு தரம் ஒரே பிழை விட்டால் விடையை அழித்து எழுதச் சொல்லமாட்டேன், செய்முறையைக் காட்டச் சொல்லுவேன். எரிந்த பழைய பிளேட்டை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு, காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறைக்குப் போகிற ரோட்டில் இருந்த இன்னொரு கராஜுக்குப் போனேன். தனியத்தான் போக நினைத்தேன். "உன்ன ஏமாத்திப்போடுவானுகள்" என்று கணவரும் வந்து பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார்.

இந்தக் கராஜ்காரர் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒரு தமிழ்ப் பொடியன். காரைதீவு ஆள். கதை குறைவு. பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆணித் தலை தெரியுமட்டும் தேய்ந்திருந்தது. விரலால் தடவி மணந்தும் பார்த்தார்.

"இது எத்தின மாசம் ஓடின டீச்சர்?"

"நாலு."

"நாலு மாசமா?" அவர் என் செருப்பைப் பார்த்தார். "டீச்சர், கோவிக்கப்படாது. ஓடும்போது உங்கட இடக்கால் எங்க இருக்கும்?"

"கிளச்சிலதான். வேற எங்க இருக்கும்?"

"கியர் மாத்தக்குள்ளயா, எப்பவுமா?"

"எப்பவும்தான் தம்பி. அதுக்குத்தானே கிளச்."

அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அவர் சொன்னதைக் கேட்டேன். காலின் பாரம் கொஞ்சம் பட்டாலும் போதும், பிளேட் முழுசாக ஒட்டாது, வழுக்கிக்கொண்டே சுற்றும், சுற்றச் சுற்றச் சூடேறித் தேயும் என்று விளங்கப்படுத்தினார். இரண்டு உள்ளங்கைகளை ஒட்டிவைத்துத் தேய்த்துக் காட்டினார். "உங்கட கார் பழுதில்ல. பிளேட்டும் பழுதில்ல."

"இல்ல தம்பி, நான் சும்மாதான் வச்சிரிப்பன். மிதிக்கிறல்ல."

"அப்ப ஒரு வேல செய்வம்" என்று உள்ளே போனார்.

றிவேர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் படிக்கிற சாமான் ஒன்று முச்சக்கர வண்டிகளில் பூட்டுவார்களே, அதில் ஒரு பழையதைக் கொண்டுவந்து கிளச் மிதியோடு வயரால் இணைத்தார். மிதியில் ஒரு பொட்டுப் பாரம் பட்டாலும் அது பாடும். "மாவடிப்பள்ளி மட்டும் போய்த் திருப்பிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் ஏறினார்.

அல்லாவே! கராஜ் வாசலில் தொடங்கிய பாட்டு நிற்கவேயில்லை. நாலாம் கியரில் நேர் ரோட்டில் போகிறேன், பாடுகிறது. காலை லேசாக வைத்தேன் என்று நினைக்கிறேன், பாடுகிறது. வயலுக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்னுக்குப் போகிற கார் பின்னுக்கு வருகிற பாட்டுப் பாடினால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? பின் ஆசனத்தில் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் கொதித்தது.

அப்போது கராஜ்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, நீங்க எத மிதிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க?"

நான் காரை ஓரமாக நிறுத்தித் திரும்பினேன். என் கணவரின் இடக்கால் தரையில் கிடந்த விரிப்பை அமத்திக்கொண்டிருந்தது. பெருவிரல் வெளுக்குமட்டும் அமத்தியிருந்தார். சென்றிகள் கழன்று ஒரு வருடத்துக்கு மேல். பின் ஆசனத்தில் கிளச்சும் இல்லை. அவருடைய சிரிப்பு நின்றுபோனது. காலை எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுகாலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவரைப் பார்த்துப் பகிடி பண்ண எனக்கு நல்ல சந்தர்ப்பம். பண்ணவில்லை. பாவமாக இருந்தது.

"கழட்டவா டீச்சர்?" என்று கராஜ்காரர் அந்தப் பாட்டுச் சாமானைக் காட்டிக் கேட்டார்.

"வேணாம். கிடக்கட்டும்" என்றேன்.

அதோடுதான் ஒரு மாதம் பாடசாலைக்குப் போய் வந்தேன். கிட்டங்கியில் மீன் விற்கிறவர்கள் "டீச்சர்ட பாட்டுக் கார் வருகுது" என்று கை தட்டுவார்கள். மாணவர்கள் வகுப்பறை ஜன்னலால் எட்டிப் பார்த்து அந்தப் பாட்டை வாயால் படிப்பார்கள். படியுங்கடா படியுங்கள், நாளைக்குத் தவணைப் பரீட்சை என்று நானும் விடமாட்டேன். காலைத் தூக்கித் தரையில் வைப்பது சின்ன வேலையாகத் தெரியும். எனக்கு அது நோன்பை விடக் கஷ்டமாக இருந்தது. காலை எடுத்த உடனே நெஞ்சு அடிக்கத் தொடங்கும். கார் பாய்ந்து எதிலோ முட்டப்போகிறது என்று உடம்பு சொல்லும். புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கால் தரையில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடம்போடு சண்டை. முதல் கிழமை முழுக்கப் பாடியது. பிறகு வளைவுகளில் மட்டும். ஒரு மாதம் கழிய, கியர் மாற்றும் இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சத்தம். அன்றைக்குத்தான் போய்க் கழற்றினேன்.

பிளேட் நின்றது. நாலு மாதம் தாண்டியது, எட்டும் தாண்டியது. கணவர் மட்டும் நம்பவில்லை. "பாப்பம்" என்றார். காரை வாங்குகிற ஆள் கடைப் பக்கம் வந்து போவதும் நிற்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பின்னேரம் வந்தது. பாடசாலை விட்டு வந்து லுஹர் தொழுதுவிட்டுச் சற்றுச் சரிந்திருந்தேன். நிலம் லேசாக ஆடியதுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: கடல் வரக்கூடும், கரையோரத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் மேற்காலே போங்கள். தெரு ஒரு கத்துக் கத்தியது. எங்களோடு இருந்த மாமிக்கு, கணவரின் உம்மாவுக்கு, இடுப்பு உடைந்து நடக்க ஏலாது. வேன் கடையில் நின்றதால், நானும் கணவரும் மாமியைத் தூக்கிக் காரின் பின் ஆசனத்தில் இருத்தினோம். பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்து ஏறினாள். கணவர் ஓட்டுவதற்குக் கதவைத் திறந்தார். நான் அதற்கு முந்தி ஏறிவிட்டேன். கத்த நேரமில்லை, அவர் சுற்றிப்போய் மறுபக்கம் ஏறினார்.

காரைதீவுச் சந்தியில் திரும்பும்வரை ஓடினோம். அதற்கு அப்பால் ரோட்டே தெரியவில்லை. ரோட்டின் எதிர்ப் பக்கத்திலும் சம்மாந்துறையை நோக்கித்தான் எல்லாம் நிற்கிறது. லொறி, முச்சக்கர வண்டி, பெட்டி நிறையச் சனம் ஏற்றிய உழவு மெஷின், சைக்கிள். இரண்டு பக்கமும் வயல். ஒரு முழம் நகரும், நிற்கும். ஒரு முழம் நகரும், நிற்கும். எல்லாரும் முதலாம் கியரில் போட்டு, அரைவாசிக் கிளச்சில் காரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரோட்டு முழுக்க அந்த மணம், கருகின மணம். யாருடையது என்று தெரியவில்லை, எல்லாருடையதும்தான்.

நான் நியூட்ரலில் போட்டேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். காலைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

கடல் வந்தால் வரட்டும் என்று நான் தைரியமாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். பயத்தில் செத்துப்போனேன். கண்ணாடியில் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடக்கால் தரையில் நின்று தையல் மெஷின் ஊசி போல நடுங்கியது. அந்தக் கால் முழுவதும் ஒரே ஒரு ஆசை, அந்த மிதியில் ஏறிவிடவேண்டும்.

"கிளச்ச மிதி!" கணவர் கத்தினார். "கியர்ல வையி கா! இடம் வந்தா எடுக்க வேணாமா?"

"இடம் வரட்டும், எடுக்கிறன்."

"கால வை எண்டா வை!"

அவர் குனிந்து என் முழங்காலைப் பிடித்து மிதியை நோக்கித் தள்ளினார். அறிந்து செய்யவில்லை. அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவருடைய கையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கல்யாணம் முடித்து இருபது வருடத்தில் முதல் அடி.

"கைய எடுங்க! நீங்க படிப்பிச்சுத் தந்த பாடம்தான் ரெண்டு பிளேட்டத் திண்ட. இண்டைக்கு இத நான் திங்க உடமாட்டன்."

பின்னால் குழந்தை வீரிட்டு அழுதது. மாமி யாசீன் ஓதிக்கொண்டிருந்தா, நிறுத்தவில்லை. முன்னால் ஒரு முழம் இடம் விட்டது. மிதித்தேன், முதலாம் கியர், போனேன், நியூட்ரல், காலைத் தரையில் வைத்தேன். மறுகா ஒரு முழம். அப்படி எத்தனை தரம் என்று கணக்கு டீச்சரான எனக்கே கணக்கில்லை. மாவடிப்பள்ளிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற வேன் கத்தியது, நகரவில்லை. கிளச் முடிந்துவிட்டது. நாலைந்து பேர் இறங்கித் தள்ளி வயலோரம் விட்டார்கள். அதை ஓட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வயதுபோன இரண்டு பெண்கள். கணவர் அந்த வேனைப் பார்த்தார், பிறகு தரையில் இருந்த என் காலைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கிப் போய் அந்த இரண்டு பெண்களையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து எங்கள் காரில் திணித்தார். அவருக்கு இடமில்லை. மிச்சத் தூரத்தைக் காருக்குப் பக்கத்தில் நடந்தே வந்தார். காரும் நடைதான் போனது.

சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லின் நெல் காயவிடும் தளத்தில் நிறுத்தினோம். கடல் வரவில்லை. பொழுது சாயும்போது, மஹ்ரிபுக்குக் கொஞ்சம் முந்தி, ஆபத்து இல்லை, வீடுகளுக்குப் போகலாம் என்று அறிவித்தார்கள். தளத்தில் இருந்த சனமெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்றது, சிரித்தது, ஒருவரையொருவர் பகிடி பண்ணியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, நிறுத்தவே ஏலவில்லை.

"என்னத்துக்கு மகள் அழுற? கடல்தான் வரல்லியே" என்று மாமி என் தலையைத் தடவினா.

"அதான் மாமி. கடல் வராத நாள்ல உங்களக் கொண்டாந்து சேத்துட்டன். வந்த நாள்ல என்ட உம்மாவ ஏத்தி வச்சிக்கிட்டு எனக்கு ஓட்டத் தெரியாமப் போச்சே."

மாமி என் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

திரும்பிப் போகிற வாகனங்கள் கிளம்பத் தொடங்கின. ரோட்டு திரும்பவும் அடைத்துக்கொண்டது, இந்தத் தரம் கிழக்கே பார்த்து. கணவர் வந்து கையை நீட்டினார்.

"நீ களைச்சுப் போனாய். திறப்பத் தா, நான் ஓட்டுறன்."

நான் முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். திறப்பைக் கொடுக்கவில்லை.

"இந்த நெரிசலுக்குள்ள நீங்க ஓட்டினா பிளேட் காரைதீவுச் சந்தி வரைக்கும் வராது. பின்னால ஏறுங்க."

சுற்றி நின்ற ஆம்பிளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, தன் உம்மாவைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி, ஏறிக் குந்தினார். காரை வாங்க ஆள் இருக்கிறது என்ற கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.